வன்னிக்கு ஏற்றதா மின்சாரக் கார்? பழைய நிசான் லீஃப் பற்றிய ஒரு மதிப்பீடு

இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கார் வாங்க எண்ணியிருப்பவர்கள் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பெற்றோல் விற்கும் விலையில், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய மின்சாரக் கார் ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டால் செலவு மிச்சமாகாதா என்பதே அது. அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் நிசான் லீஃப் காரின் முதலாவது தலைமுறைதான். 2015ஆம் ஆண்டையொட்டி மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி வரி குறைவாக இருந்த காலத்தில் யப்பானிலிருந்து இந்த நாட்டுக்குள் வந்திறங்கிய அந்தக் கார்கள், கை மாறிக் கை மாறி இப்போது வடக்குக்கும் வந்துவிட்டன. எங்கள் வளவில் அப்படி ஒன்று நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் பழைய பெற்றோல் கார் ஒன்றும் நிற்கிறது. இரண்டையும் ஒரே வீதிகளில் ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கார் நல்ல கார். ஆயினும் ஒரே ஒரு வாகனத்தை மட்டும் வைத்திருக்க வசதியுள்ள வன்னிக் குடும்பத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்கான காரணங்களில் பெரும்பகுதி காருக்கு வெளியே இருப்பதால்தான் இந்த மதிப்பீடு சற்று நீளுகிறது.

லீஃப் 2010 டிசம்பரில் யப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. சாதாரண குடும்பங்களுக்கெனப் பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்ட முதலாவது மின்சாரக் கார்களில் அதுவும் ஒன்று. ஐந்து பேர் வசதியாக இருக்கலாம். பின்னால் சாமான் வைக்கவும் தாராளமான இடமுண்டு. மோட்டாரின் வலு 80 கிலோவாற். இருக்கைகளுக்குக் கீழே, தளத்தோடு தளமாக, 24 கிலோவாற் மணி, அதாவது மின்கட்டணச் சிட்டையின் கணக்கில் 24 அலகு, கொள்ளளவுள்ள லித்தியம் பற்றறி பொருத்தப்பட்டிருக்கிறது. பாரம் கீழே அமைந்திருப்பதால் ஏ9 வீதியில் எதிரே பாய்ந்து வரும் இரவுநேரப் பஸ் ஒன்று கடந்து போகும்போதும் வண்டி ஆடுவதில்லை. சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும் மாதங்களில் ஆனையிறவு வெளியைக் கடப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஓட்டும் சுகத்தில் எங்கள் பெற்றோல் கார் இதற்குக் கிட்டவும் வராது. கியர் மாற்றும் வேலை இல்லை, இரைச்சல் இல்லை, நின்ற இடத்திலிருந்து காலை அழுத்தியவுடன் தயக்கமில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது. வேகத்தடையைக் கண்டு காலை எடுத்தால், மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி வேகத்தை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியில் ஒரு பகுதியைப் பற்றறிக்குத் திருப்பி அனுப்புகிறது. மாடுகள் வீதியின் நடுவே படுத்திருக்கும் எங்கள் ஊர்களில், பாடசாலை விடும் நேரங்களில், இப்படி அடிக்கடி வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பது பெற்றோல் காருக்கு நட்டம். இந்தக் காருக்கு அதில் பாதி இலாபம். பிரேக் பாட் தேய்வது மிகக் குறைவு. இஞ்சின் ஒயில், ஸ்பார்க் பிளக், பில்டர், பெல்ற் என்று மாதாமாதம் கணக்குப் பார்க்க வேண்டியவை எவையும் இல்லை. பிள்ளைகளை ஏற்றுவதற்காகப் பாடசாலை வாசலில் காத்திருக்கும்போது குளிரூட்டியைப் போட்டு வைத்திருந்தாலும் புகை எவர் முகத்திலும் அடிப்பதில்லை.

அடுத்தது தூரம். யப்பானிய அளவீட்டின்படி முழு மின்னேற்றத்தில் 200 கிலோமீற்றர் ஓடும் என்று அறிவிக்கப்பட்ட இந்தக் கார், அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் அளவீட்டில் 117 கிலோமீற்றரே ஓடியது. 2014ஆம் ஆண்டையொட்டி வந்த திருத்திய வண்டிகளுக்கு அது 135 கிலோமீற்றர் ஆனது. இவை புதிய பற்றறிக்கான கணக்குகள். காரின் முகப்பிலுள்ள திரையில் பற்றறியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் உள்ளன. கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் போன பின்னரே முதலாவது கோடு மறைகிறது. அதன் பின்னர் ஒவ்வொரு 6 சதவீதத்துக்கும் ஒரு கோடு மறைந்துகொண்டே வரும். இந்தத் தலைமுறைப் பற்றறிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, வெளிக்காற்றையே நம்பியிருக்கிறது என்பதும், வெப்ப நாடுகளில் அது விரைவாகக் கொள்ளளவை இழக்கும் என்பதும் உலகெங்கும் அறியப்பட்ட விடயங்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் தார் உருகும் எங்கள் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இன்று சந்தையில் ஒன்பது கோடுகளுடன் கிடைக்கும் வண்டியொன்றில் 80 கிலோமீற்றரை எதிர்பார்ப்பதே நேர்மையான கணக்கு. நால்வரை ஏற்றி, குளிரூட்டியையும் போட்டு, மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போனால் அதுவும் குறையும்.

இப்போது வன்னியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்குக் குறையாது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா அதற்கும் கூட. மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியால் முல்லைத்தீவுக்கும், பரந்தனிலிருந்து ஏ35 வீதியால் முல்லைத்தீவுக்கும் தனித்தனியே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஆக, எங்கள் மாவட்டங்களில் ஒரு பட்டணத்திலிருந்து இன்னொரு பட்டணத்துக்குப் போகலாம். அன்றைக்கே திரும்ப முடியுமா என்பதுதான் கேள்வி. ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில், இருபுறமும் காடு, இருட்டிய பின் யானை இறங்கும் வீதி. அங்கே திரையில் எஞ்சிய தூரம் குறைந்துகொண்டு வருவதைப் பார்த்தபடி ஓட்டுவது கொழும்பில் ஓட்டுவதைப் போன்றதல்ல. ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் அந்த எண், நீங்கள் ஓடிய தூரத்தைவிட வேகமாக விழும்.

கார் வாங்கும் எங்களில் பலர் தினமும் ஓடும் தூரம் மிகச் சிறியது. வீடு, வேலைத்தலம், பாடசாலை, சந்தை, கோயில் எல்லாம் சேர்த்தாலும் 30 கிலோமீற்றரைத் தாண்டாது. அந்தக் கணக்கில் பார்த்தால் லீஃப் தாராளமாகப் போதும். ஆனால் எவரும் அந்த அன்றாடக் கணக்கை வைத்துக் கார் வாங்குவதில்லை. துணுக்காயிலோ மல்லாவியிலோ இருக்கும் ஒருவர், நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்து, மாவட்ட வைத்தியசாலையிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போகச் சொன்னால் என்ன செய்வது என்று நினைத்துத்தான் வாங்குகிறார். வருடத்தில் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அந்த ஒரு நாளுக்காகவே வீட்டில் வாகனம் நிற்கிறது. மின்சாரக் காரைப் பற்றி எழுதுபவர்கள் இதை வெறும் பயம் என்று ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கவில்லை. போரையும் இடப்பெயர்வுகளையும் கண்ட மக்களுக்கு, நினைத்த நேரத்தில் நினைத்த திசையில் வெளிக்கிட முடிவது ஆடம்பரம் ஆகாது.

பெற்றோலின் பிடி எங்கே இருக்கிறது என்பதை எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாற் மணி சக்தி அடங்கியுள்ளது. லீஃப்பின் முழுப் பற்றறியும் கொள்வது 24. மூன்று லீற்றருக்கும் குறைவான பெற்றோலில் இருக்கும் சக்தியைச் சுமப்பதற்கு 300 கிலோவை ஒட்டிய எடையுள்ள பற்றறி தேவைப்படுகிறது. பெற்றோல் இஞ்சின் தனக்குக் கிடைக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கையே சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்பதும், மீதி ரேடியேற்றராலும் சைலன்சராலும் வெப்பமாக வெளியேறுகிறது என்பதும் உண்மை. மின்மோட்டார் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பயன்படுத்துவதால்தான் அந்த மூன்று லீற்றர் சக்தியில் அது நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட முடிகிறது. அவ்வளவு வீணடித்த பிறகும் பெற்றோல் முன்னிற்பது வேகத்தினால். நிரப்பு நிலையத்துக் குழாயில் நிமிடத்துக்கு 35 லீற்றர் பாய்ந்தால் அந்த ஒரு நிமிடத்தில் தாங்கிக்குள் போவது 300 கிலோவாற் மணிக்கும் அதிகம். வீட்டிலுள்ள 13 அம்பியர் பிளக்கில் ஒரு மணித்தியாலம் முழுவதும் ஏறுவது 2 தொடக்கம் 3 கிலோவாற் மணி.

மின்னேற்றும் முறையையும் கிட்ட நின்று பார்க்க வேண்டும். காரின் மூக்கில் ஒரு சிறு மூடி திறக்கும். உள்ளே இரண்டு துவாரங்கள். சிறியது வீட்டு மின்சாரத்துக்கு, பெரியது சாடெமோ எனப்படும் யப்பானிய விரைவு மின்னேற்றிக்கு. வீட்டு வயரைச் செருகியதும் கண்ணாடிக்குக் கீழே மூன்று நீல விளக்குகள் எரியத் தொடங்கும்; முதலாவது மின்னிக்கொண்டிருந்தால் பற்றறி இன்னும் பாதிக்கும் கீழே என்று பொருள். இரவு எட்டு மணிக்குச் செருகினால் விடியற்காலையில் நிரம்பியிருக்கும். சொல்வதற்கு இலகு. ஆனால் போருக்குப் பின்னர் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளில் வயறிங் செய்தவர்கள் ஒரு பிளக்கிலிருந்து பத்து மணித்தியாலம் இடைவிடாமல் மின் எடுக்கப்படும் என்று நினைத்துச் செய்யவில்லை. சாதாரண பிளக்கில் போட்டு அரை மணித்தியாலத்துக்குப் பின் கையை வைத்துப் பாருங்கள், சுடும். பிரதான பலகையிலிருந்து தடித்த வயரில் தனி இணைப்பு இழுத்து, புவியிணைப்பையும் சரிபார்த்த பின்னரே நாங்கள் இதைச் செருகுகிறோம். அதே இணைப்பில் கிணற்று மோட்டாரையும் போடலாம் என்று எண்ண வேண்டாம்.

மின்கட்டணத்திலும் ஒரு கண்ணி உண்டு. இங்கே வீட்டு மின்சாரம் கட்டம் கட்டமாகவே விலையிடப்படுகிறது. பாவனை கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் காருக்கு மட்டும் ஏறத்தாழ 150 அலகுகள் போகும். குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் உள்ள சாதாரண வீடொன்று இதுவரை நடுக்கட்டத்தில் இருந்திருந்தால், கார் வந்த மாதமே 180 அலகுகளுக்கு மேற்பட்ட ஆக உயர்ந்த கட்டத்துக்குப் போய்விடும். அப்படிப் போனாலும் பெற்றோலைவிட மலிவுதான். ஆனால் வாகனத் தரகர்கள் சொல்லும் அளவுக்கு மலிவு இல்லை. கூரையில் சூரியமின் தகடு உள்ளவர்களின் கணக்கு வேறு, அதற்குப் பின்னர் வருகிறேன்.

விரைவு மின்னேற்றி இருந்தால் அரை மணித்தியாலத்தில் 80 சதவீதம் வரை ஏற்றிவிடலாம். இருந்தால் என்பதுதான் சிக்கல். வழியில் ஒரு மின்னேற்றி இருக்கிறது என்று நம்பிப் போய், அது பழுது என்ற மட்டை தொங்குவதைக் கண்டு, பக்கத்துக் கடைக்காரரின் தயவில் சாதாரண பிளக்கில் சில மணித்தியாலங்கள் காத்திருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. பெற்றோல் செட் ஒன்று மூடியிருந்தால் அடுத்த சந்தியில் இன்னொன்று இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஏதாவதொரு பெட்டிக்கடையில் போத்தலில் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவர் தன் தாங்கியிலிருந்து அரை லீற்றர் தருவார். மின்சாரத்தை எவரும் போத்தலில் தர முடியாது. புதிதாக வரும் மின்சாரக் கார்கள் பெரும்பாலும் வேறு வகைச் செருகியைப் பயன்படுத்துவதால், இனி நிறுவப்படும் மின்னேற்றிகளில் சாடெமோ குழாய் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

மாற்று எரிபொருள் என்றால் என்னவென்று வன்னிக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னர் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், இங்குள்ள வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் அதற்கு வளைந்துகொடுத்தன. மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களின் அமுக்க விகிதம், அதாவது இஞ்சினுக்குள் எரிபொருட் கலவை நெருக்கப்படும் அளவு, குறைவு என்பதால் தட்டல் சத்தத்தோடாவது ஓட முடிந்தது. வெள்ளைப் புகை வீதியை மறைக்கும். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து இஞ்சின் ஒயிலோடு கலப்பதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். பாரம் ஏற்றினால் இழுவை காணாது. அப்படியும் நோயாளிகளையும் நெல்லையும் விறகையும் அந்த வாகனங்கள் காவின. அவற்றைப் பழுது பார்த்து ஓட வைத்த மெக்கானிக்குகளின் கைத்திறனை இந்த மண் மறந்துவிடக் கூடாது.

அந்தக் காலத்தைப் பின்னோக்கிப் பார்க்கும்போது இரண்டு விடயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மண்ணெண்ணெய் எங்களுக்குக் கைகொடுத்தது, அது பெற்றோல் போன அதே வழியால் போகக்கூடியதாக இருந்ததால்: அதே பரல், அதே புனல், அதே தாங்கி, அதே மெக்கானிக். இரண்டாவது, 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டுப் பெற்றோல் தாராளமாக வரத் தொடங்கியதும் மண்ணெண்ணெய் ஓட்டம் கைவிடப்பட்டது. வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்ட எரிபொருளை, வழி திறந்தவுடன் மக்கள் விட்டுவிடுவார்கள். இன்றைய பெற்றோல் கார்களில் இருப்பது மின்னணுவால் இயங்கும் எரிபொருள் உட்செலுத்தி. அதற்குள் மண்ணெண்ணெயை விட்டால் வண்டி கராஜுக்குத்தான் போகும். அன்றைய காருக்கு இருந்த நெகிழ்வு இன்று பெற்றோல் காருக்கும் இல்லை, மின்சாரக் காருக்கும் இல்லை.

உலகின் பிற இடங்களிலும் இதே பாடந்தான். பிரேசில் 1975இல் கரும்பு மதுசாரத்தை எரிபொருளாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2003 முதல் பெற்றோலையும் மதுசாரத்தையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் கார்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. லீற்றருக்கு லீற்றர் பார்த்தால் மதுசாரத்தில் பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருந்தும் அது நிலைத்தது, அதே நிரப்பு நிலையத்தில் அதே தாங்கிக்குள் ஊற்ற முடிந்ததால். ஐதரசன் காருக்கு அந்த வாய்ப்பில்லை. டொயோட்டா 2014 டிசம்பரில் மிராய் காரை விற்பனைக்கு விட்டது. 700 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி வாயுவை அடைத்து நிரப்பும் நிலையம் ஒன்றைப் பரந்தன் சந்தியில் எவர் வந்து கட்டப்போகிறார்? வன்னி வீதிகளில் உண்மையாகவே பரவியிருக்கும் புதிய தொழில்நுட்பம், பெற்றோல் இஞ்சினோடு மின்மோட்டாரையும் சேர்த்த ஹைபிரிட்தான். டொயோட்டா அக்குவாவும் சுசுகி வாகன்-ஆரும் இங்கே எத்தனை நிற்கின்றன என்று பாருங்கள். அவை பெற்றோலைக் குறைவாகக் குடிக்கின்றன. ஆனால் பெற்றோலைத்தான் குடிக்கின்றன.

2022ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடத்தில் மின்சாரக் கார் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் அல்லவா என்று கேட்கிறார்கள். ஓரளவு உண்மை. ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது, ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. அந்த மாதங்களில் லீஃப் ஓடியது. ஆனால் அதே வருடம் மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை மறக்கக் கூடாது. நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்தன, மின் நிலையங்களுக்கு எரிபொருள் இறக்க டொலர் இல்லை. பெற்றோலைத் தட்டுப்பாடாக்கிய அதே காரணம் மின்சாரத்தையும் தட்டுப்பாடாக்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே வேளையில் மின்சாரம் போனதும் நினைவில் இருக்கும். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும் காலத்தில் மரம் முறிந்து கம்பி அறுந்தால், உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் எடுக்கும்.

பழுது பார்ப்பதிலும் பெற்றோலுக்கே இங்கு பலம். பெற்றோல் இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கிறார். லீஃப்பின் பற்றறி 360 வோல்ற் மின்னழுத்தம் கொண்டது. 192 கலங்கள் 48 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சியும் காப்புறையும் இல்லாமல் அதைத் திறப்பது உயிரோடு விளையாடுவது. பலவீனமான தொகுதிகளை மட்டும் மாற்றித் தரும் தொழில் தென்பகுதியில் வளர்ந்திருக்கிறது. ஆனால் அதற்காக வண்டியை லொறியில் ஏற்றி 300 கிலோமீற்றருக்கு மேல் கொண்டு போகும் செலவை வாங்கும்போதே கணக்கில் வைக்க வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் இதை ஒரு பாடநெறியாக்கினால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் ஆகும், இந்தக் கார்களுக்கு ஆயுளும் கூடும்.

நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். அந்த நாட்டைக் காட்டி எங்களைப் பின்தங்கியவர்கள் என்பவர்கள், அது புதிய கார் விற்பனையின் கணக்கு என்பதைக் கவனிப்பதில்லை. வீதியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் மாறுவதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும். எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய பெற்றோல் வாகனங்களே கை மாறின, விலையும் ஏறியது. இப்போது வந்திறங்கும் பீவைடி அற்றோ 3 போன்ற கார்களில் 50, 60 கிலோவாற் மணி பற்றறியும் அதைக் குளிர்விக்கும் தனி அமைப்பும் உண்டு. நான் மேலே சொன்ன தூரக் குறை அவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் அவற்றின் விலை, நெல் விற்றும் ஆசிரியர் சம்பளத்திலும் குடும்பம் நடத்துபவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. லீசிங் எடுத்து மீள முடியாமல் தவிக்கும் குடும்பங்களை இங்கே போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

இத்தனை சொன்ன பிறகும் எங்கள் வளவிலுள்ள லீஃப்பை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. காரணம் கூரையில் இருக்கிறது. வன்னியில் எதற்குக் குறை இருந்தாலும் வெயிலுக்குக் குறையில்லை. மன்னாரில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைப் பண்ணை ஏறத்தாழ 100 மெகாவாற் கொள்திறன் கொண்டது, காற்றும் எங்களுடையது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் மின்சாரம் மிதமிஞ்சிப் போனதால் கூரைச் சூரியமின் தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்லும் நாட்டில், பகல் முழுவதும் மாவட்டச் செயலகத்தின் மர நிழலிலும் வைத்தியசாலை வளவிலும் பாடசாலை முற்றத்திலும் வாகனங்கள் சும்மா நிற்கின்றன. அந்த இடங்களில் கூரையிட்டு, தகடு பொருத்தி, விரைவு மின்னேற்றிகூட வேண்டாம், சாதாரண மின்னேற்றும் பிளக்குகளை வைத்தாலே போதும். காலை எட்டு மணிக்கு வந்தவர் மாலை நான்கரைக்கு நிறைந்த பற்றறியோடு வீட்டுக்குப் போவார். மாங்குளம் சந்தியிலும் முல்லைத்தீவிலும் நம்பிக்கையோடு போகக்கூடிய, பராமரிக்கப்படும் விரைவு மின்னேற்றி தலா ஒன்று இருந்தால், இந்த மதிப்பீட்டில் நான் எழுதிய தயக்கங்களில் பாதியை நானே அழித்துவிடுவேன். வடக்கு மாகாண நிர்வாகமும் பிரதேச சபைகளும் செய்யக்கூடிய காரியம் இது.

அதுவரை, வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இதுதான். வீட்டில் ஏற்கெனவே பெற்றோல் காரோ வானோ இருந்து, கூரையில் சூரியமின் தகடும் இருந்து, தினசரி ஓட்டம் 40 கிலோமீற்றருக்குள் அடங்குமானால், லீஃப்பை விட மலிவாக ஓடும் கார் உங்களுக்குக் கிடைக்காது. ஒரே வாகனம்தான் வாங்க முடியும் என்றால் ஹைபிரிட் ஒன்றைப் பாருங்கள். லீஃப்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், திரையிலுள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், சிறிய புளூடூத் கருவியைக் காரின் பரிசோதனைத் துவாரத்தில் செருகிக் கைபேசிச் செயலியில் பற்றறியின் ஆரோக்கிய வீதத்தைப் பாருங்கள். கோடுகளைச் செயற்கையாக நிரப்பிக் காட்டும் தந்திரம் சந்தையில் உண்டு. பிறகு முழுமையாக மின்னேற்றி, குளிரூட்டியைப் போட்டு, கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் போய் நிற்காமல் திரும்புங்கள். 60 கிலோமீற்றரை ஒட்டிய அந்த ஓட்டத்தின் முடிவில் மூன்றில் ஒரு பங்காவது எஞ்சாவிட்டால் வண்டியை விற்பவரிடமே விட்டுவிடுங்கள். எஞ்சினால், பற்றறித் தொகுதிகளை மாற்றும் செலவையும் வீட்டுக்குத் தனி இணைப்பு இழுக்கும் செலவையும் கேட்ட விலையிலிருந்து கழித்த பின்னரே பேரம் பேசத் தொடங்குங்கள்.